பேசப் பழகுவோம்: மாரியூர்க் கொள்கைப் பிரகடனம்

மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி என்று நம் பக்கம் நடக்கும் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. கண்ணை மூடுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள். மகளிர் குழுவிலும் இதுதான், பள்ளிக்கூடத்திலும் இதுதான். மூச்சுப் பயிற்சியோடு எங்களுக்கு வழக்கு ஏதும் இல்லை. படபடப்பை அது தணிக்கும், செய்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் வட்டிக்காரர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போன மறுநாள் ஒருத்தியைக் கூப்பிட்டு, கண்ணை மூடி நல்லதை நினைக்கச் சொன்னால், அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதை இன்னும் ஒழுங்காகச் செய்யச் சொல்கிறோம் என்றுதான் பொருள். பேசாமல் இருக்க அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆகவே ராமநாதபுரம் மாவட்டத்து மாரியூரிலும் அதைச் சுற்றியுள்ள கடற்கரை, உப்பள, பனங்காட்டு ஊர்களிலும் வாழும் நாங்கள் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். மனதில் உள்ளதைச் சொல்லில் கொண்டுவருவது, வலை பின்னுவதைப் போல, பக்கத்தில் உட்கார்ந்து பழகிப் பெற வேண்டிய கைத்திறன். அந்தத் திறனை எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் பழக்குவது எங்கள் வேலை. கேட்கிறவருக்கும் அதே அளவு பழக்கம் வேண்டும் என்பது அதன் இன்னொரு பாதி.

எங்கள் ஊர் பேச்சு குறைந்த ஊர் அல்ல. மீன் ஏலத்தில் காது கிழியும். கோயில் வரிக் கணக்குக்கு ராத்திரி பத்து மணி வரை வாதம் நடக்கும். நெஞ்சில் கிடப்பதைச் சொல்ல வாயெடுத்தால் மட்டும் பதில் தயாராக இருக்கும். “ஆம்பளப் புள்ள அழலாமா?” “வெளிய சொல்லாத ஆத்தா, ஊரு சிரிக்கும்.” “ஒனக்கு மட்டுமா கஷ்டம்? அவளப் பாரு.” “எல்லாம் தலையெழுத்து, மனசத் தேத்திக்க.” நான்கும் அக்கறையோடுதான் சொல்லப்படுகின்றன. சொன்ன மாத்திரத்தில் எதிராளி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சரி, அடுப்புல உல கொதிக்குது” என்று எழுந்துவிடுவாள்.

இங்கே மனிதர்கள் மனம்விட்டுப் பேச மூன்று இடங்கள் உண்டு. முதலாவது இழவு வீடு. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் மற்றொருத்தி கைபோட்டுக் குனிந்து, ஆடி ஆடி அழுது பாடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெறும் அழுகை அல்ல. செத்தவரின் பெருமையில் தொடங்கும் பாட்டு நாலைந்து அடிக்குள் பாடுகிறவளின் சொந்தக் கதைக்குத் திரும்பிவிடும். சீர் செய்யாத அண்ணன், பங்கு பிரித்துத் தராத கொழுந்தன், பிள்ளையில்லை என்று குத்திக்காட்டிய மாமியார், எல்லோரும் அதில் வருவார்கள். அந்த அண்ணனே வெளியே பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். வேறொரு நாளில் அதே சொல் கைகலப்பில் முடியும், அன்று யாரும் கோபிக்க மாட்டார்கள். ராகம் உண்டு, அடுக்கு உண்டு, எடுத்துக் கொடுக்க ஆள் உண்டு. மூச்சு வாங்கினால் பக்கத்துப் பெண் அடியைப் பிடித்துக்கொள்வாள். தொண்டை வறண்டால் கருப்பட்டிக் காப்பி வரும். மனவியலார் இன்று குழுப் பயிற்சி என்று வகுப்பதில் பாதி அங்கே இருக்கிறது. ஆண்களுக்கு மட்டும் அந்த வட்டத்தில் இடம் கிடையாது.

இரண்டாவது குலசாமி கோயில். அருள் வந்த பெண் பேசினால் ஊரே கைகட்டிக் கேட்கும். மூன்றாவது மதுக்கடை, அதைப் பற்றி விவரிக்கத் தேவையில்லை.

இந்த மூன்றிலும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: பேசியவர் பேசியதற்குச் சொந்தக்காரர் இல்லை. ஒப்பாரியில் சொன்னது இழவுக்குச் சேரும், அருளில் சொன்னது சாமிக்குச் சேரும், போதையில் சொன்னது போதைக்குச் சேரும். மறுநாள் காலையில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை, யாரும் எதையும் மாற்றுவதுமில்லை. நாங்கள் கேட்பது நான்காவதாக ஓர் இடம். சாவு இல்லாத நாளில், தெளிந்த புத்தியோடு, தன் பெயரிலேயே பேசுவதற்கான இடம்.

ஒப்பாரியை மேடையேற்றிக் கைதட்டல் வாங்கும் உத்தேசம் எங்களுக்கு இல்லை. அடுத்தவர் வீட்டு இழவுக்கு அழப் போவது சில சாதியார் தலையில் கட்டப்பட்ட வேலையாக இருந்த காலத்தையும் நாங்கள் மறக்கவில்லை. அதன் வடிவத்திலிருந்து கற்றுக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒப்பாரிக்கும் உடல் வேண்டும். கடலுக்குப் போனவர் திரும்பாமல் உடலும் கரை ஒதுங்காத வீட்டில், பாம்பன், மண்டபம் பக்கத்திலிருந்து கடலுக்குப் போய் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருப்பவரின் வீட்டில், அழுதால் “அவன் உசுரோட இருக்கும்போது எதுக்கு அழுற” என்பார்கள், சிரித்தால் வேறு விதமாகப் பேசுவார்கள். முடிவு தெரியாத இந்த இழப்பை அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களில் தொடங்கிய ஆய்வு அது. அத்தகைய வீட்டுக்கு எங்கள் ஊரில் சடங்கு ஏதும் கிடையாது. எங்கள் பயிற்சி முதலில் போக வேண்டிய வாசல் அந்த வீட்டு வாசல்தான்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணம் வகுக்கிறது. அழுகைக்கு அது தரும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வருவது, இழந்ததால் வருவது, இருந்த நிலை குலைந்ததால் வருவது, இல்லாமையால் வருவது. செய்யுளுக்காக வகுத்ததை உப்பளத்துக்குக் கொண்டுவந்தால் புலவர்கள் கோபிக்கலாம். ஆனாலும் எங்கள் பயிற்சியின் முதல் கேள்வி இதுவே: நாலில் எது? “மனசு சரியில்ல” என்பதோடு நின்றுவிடுகிற பேச்சை இந்தக் கேள்வி ஓர் அடி உள்ளே கொண்டுபோகும். 2007இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் அமெரிக்காவில் நடத்திய மூளைப்பட ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகத்தைப் பார்த்து அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்து சொன்னபோது, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் பரபரப்பு குறைந்தது. பெயரிடுவதே ஓரளவு தணிக்கிறது.

எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. வேலை முடிந்த அந்தி, உப்பளக் கொட்டகை. வெள்ளைப் பாத்தியில் பட்டுத் தெறித்த வெயிலில் பகலெல்லாம் கூசிய கண், பித்தவெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறிய கால். இரண்டு பெண்கள்.

“என்னத்தச் சொல்ல மதினி, மனசே சரியில்ல.”

“எப்ப இருந்து?”

“கூலி வாங்கப் போன அன்னைக்கிருந்து.”

“அன்னைக்கி என்ன?”

“எல்லாரையும் உக்காரச் சொன்னாக. என்னைய நிக்க வச்சுட்டாக.”

“நிக்க வச்சுட்டாகளா.”

பயிற்சி முழுக்க அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. “அதுக்கெல்லாமா மனசு விடுவாக” என்று கேட்கவில்லை. “நானா இருந்தா கேட்டிருப்பேன்” என்று வீரம் பேசவில்லை. சொன்னதைச் சொன்னபடி திருப்பிக் கொடுத்துவிட்டு மதினி காத்திருக்கிறாள். அடுத்த ஐந்து நிமிடத்தில், கூலி குறைந்ததால் வந்த வருத்தம் என்று அவளே நினைத்திருந்தது வறுமை அல்ல, இளிவு என்று தெரிந்துவிடும். வறுமைக்குப் பணம் வேண்டும். இளிவுக்கு அடுத்த முறை கூலி வாங்கப் போகும்போது கூட ஒருத்தி வேண்டும்.

நாளுக்கு 15 நிமிடம் என்று நான்கு நாள் இப்படிப் பேசுவதோ எழுதுவதோ நாங்கள் மேற்கொள்ளும் அடிப்படைப் பயிற்சி. இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 1986இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை நான்கு நாள் எழுதச் சொன்னார்கள். தங்கள் வாழ்க்கையின் துயரத்தை, நடந்ததையும் அது தந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் கல்லூரி மருத்துவ நிலையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு வருத்தம் கூடியிருந்தது, ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. முதல் நாள் பயிற்சி முடிந்து போகிறவர் வந்ததைவிடக் கனத்த மனதோடு வீட்டுக்குப் போகலாம் என்பதை நாங்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்புவோம். பென்னிபேக்கரின் பிந்தைய ஆய்வுகள் இன்னொன்றும் காட்டின. நாள் போகப் போக “ஏனென்றால்”, “இப்போதுதான் புரிகிறது” போன்ற சொற்கள் யாருடைய எழுத்தில் கூடினவோ அவர்களுக்கே பலன் அதிகம். ஒரே புலம்பலை நான்கு நாளும் திருப்பிச் சொல்வதால் ஆவது கொஞ்சம்தான்.

இந்த முறையின் பலன் பெரியதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். 2006இல் ஜோஆன் பிராட்டரோலி 146 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது பலன் உண்மையில் உண்டு, ஆனால் சிறியது என்று வந்தது. நான்கு நாளில் வாழ்க்கை மாறிவிடும் என்று சொல்லி நாங்கள் ஆள் சேர்க்க மாட்டோம். சிறிய பலன், செலவு அதைவிடச் சிறியது, பக்க விளைவு தெரிந்தது. இந்தக் கணக்கில்தான் இதைத் தொடங்குகிறோம்.

எழுதத் தெரியாதவர்கள் செல்போனில் பேசிப் பதிவு செய்யலாம். முடிந்ததும் அவரவர் விரலாலேயே அழித்துவிட வேண்டும். எழுதிய தாளைக் கிழிப்பதோ எரிப்பதோ அவரவர் இஷ்டம், யாரும் வாங்கிப் படிக்கக் கூடாது. எழுத்துப் பிழை பார்க்கிற வாத்தியார் புத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

கத்தித் தீர்த்தால் கோபம் போய்விடும் என்பது எங்கள் கொள்கை அல்ல. இதில் ஊரார் பலருக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. தலையணையைக் குத்து, பானையை உடை, கடலைப் பார்த்துக் கத்து என்று சொல்லித்தரும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையில் 600 மாணவர்கள் பங்கேற்றார்கள். தன்னை அவமதித்தவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கோபம் குறைவாக இருந்தது. பெண்டாட்டியை அடித்துவிட்டு “மனசுல இருந்தத கொட்டிட்டேன்” என்கிறவன் எந்த உணர்ச்சியையும் வெளிப்படுத்தவில்லை, அடித்திருக்கிறான். அவனுக்கு இந்த இயக்கத்தில் ஆறுதல் கிடையாது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு 181 என்ற உதவி எண்ணை முதல் நாளே எழுதிக் கொடுப்போம், பிள்ளைகளுக்கு 1098.

அடக்கி வைப்பதும் இலவசமல்ல. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் ஆகியோரின் 1997 ஆய்வில், சோகப் படத்தைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டாதே என்று சொல்லப்பட்டவர்களுக்குச் சோகம் குறையவில்லை, இதயமும் ரத்தக் குழாய்களும் மட்டும் கூடுதலாக உழைத்தன. கத்துவதும் அடக்குவதும் இல்லாமல் சொல்வது என்று ஒன்று இருக்கிறது, அதைப் பழக வேண்டும்.

யாரையும் பேச வற்புறுத்துவதையும் மறுக்கிறோம். விபத்தோ சாவோ நடந்த அன்றே வந்து, எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடு என்று ஒரே அமர்வில் கொட்ட வைக்கும் முறை ஒரு காலத்தில் உலகெங்கும் நடந்தது. அது பிந்தைய பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது என்று ஆய்வுகளில் தெரிந்து, உலக சுகாதார நிறுவனமும் அதைச் செய்ய வேண்டாம் என்கிறது. படகு கவிழ்ந்த வீட்டு வாசலில் மைக்கை நீட்டி “இப்ப உங்க மனநிலை என்ன” என்று கேட்கும் தொலைக்காட்சி நண்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் தேவை குடிக்கத் தண்ணீர், பக்கத்தில் ஓர் ஆள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆள். பேச்சு வாரங்கள் கழித்து வரட்டும், வராமலே போனாலும் போகட்டும்.

இனி ஏர்வாடி. எங்கள் கரையிலேயே கிழக்கே, வாலிநோக்கத்தைத் தாண்டினால் இருக்கிற ஊர். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அந்த மாதமே அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசுப் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். மனநலம் குன்றியவரை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க ‘தவா–துவா’ திட்டத்தை அரசு நடத்துகிறது. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், பேச்சுப் பயிற்சியை மருந்துக்கு மாற்றாக யாரும் விற்றுவிடக் கூடாது என்பதே. நாள் கணக்கில் தூங்காதவர், யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்பவர், சோறு தண்ணீர் விட்டவர், செத்துப் போகலாம் போல இருக்கிறது என்பவர், இவர்களை எங்கள் கொட்டகையில் உட்கார வைத்து நேரம் கடத்த மாட்டோம். ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு உடன் ஆள் போகும். நள்ளிரவானால் 14416க்கு அழைப்போம். 2022 முதல் நடக்கும் மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை அது, தமிழில் பேசலாம்.

படித்த மனவியலார் இல்லாமல் ஊர்க்காரர்களே இதைச் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். 2004 சுனாமிக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழகக் கடற்கரையில் ஊர்ப் பணியாளர்களுக்கே பயிற்சி தந்து வீடு வீடாக அனுப்பியது. கோவாவில் சங்காத் அமைப்பு, மருத்துவம் படிக்காத ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கடுமையான மனச்சோர்வைக் குறைக்க முடியும் என்று 2017இல் நிரூபித்துக் காட்டியது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா 2006இல் பாட்டிமாரை வைத்துத் தொடங்கிய மரப்பெஞ்சுத் திட்டம் இன்னும் தெளிவான சாட்சி. சுகாதார நிலைய வாசலில் ஒரு பெஞ்சு, அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி, வந்து உட்காருகிறவரின் கதை. 2016இல் வெளியான 573 பேர் பங்கேற்ற ஆய்வில் ஆறு மாதம் கழித்தும் பலன் நின்றது. எங்கள் ஊரில் அப்பத்தாக்களுக்குப் பஞ்சமில்லை. குறுக்கே பேசாமல் இருக்க மட்டும் அவர்களைப் பழக்க வேண்டும், அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

கேட்பவருக்கான பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. மாரியூர் பூவேந்தியநாதர் கோயிலில் சித்திரைத் திருவிழாவில் வலைவீசும் படலம் நடக்கும். சுறாவாகத் திரிந்த நந்தியை இறைவன் வலைவீசிப் பிடித்து, பரதவர் குடியில் வளர்ந்த அம்பிகையை மணக்கும் கதை ஊர்ப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அம்பிகை ஏன் அந்தக் குடியில் பிறக்க நேர்ந்தது என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இறைவன் வேதப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கவனம் வேறெங்கோ போய்விட்டது. காது கொடுக்காதது அவ்வளவு பெரிய பிழையாகக் கதையில் நிற்கிறது. (அதற்குத் தண்டனை மீனவர் வீட்டில் பிறப்பது என்பதில் எங்களில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. அதை இங்கே வளர்க்கவில்லை.) எங்கள் விதிகள் இவை: கேட்பவர் பேசுகிறவரின் பங்காளி வகையறாவாகவோ சம்பந்தியாகவோ இருக்கக் கூடாது. கடன் கொடுத்தவராகவும் வேலை கொடுப்பவராகவும் கூடாது. கேட்டது டீக்கடைக்குப் போனால் அவர் அன்றே விலக்கப்படுவார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வாய் திறக்கலாம், திறக்க வேண்டும்.

எங்கள் மீது வரக்கூடிய ஒரு குற்றச்சாட்டை நாங்களே முன்வைக்கிறோம். கூலி குறைவு, மழை மூன்று மாதம் வேலையில்லை, டீசல் விலை, வட்டி. இவற்றால் வரும் துயரத்துக்குப் பேச்சு மருந்தா? இல்லை. 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்களும் தனியார் அளங்களும் நிறைந்த இந்த வட்டாரத்தில், அக்டோபர் வந்தால் பாத்தியில் மழைநீர் நிற்கும், அடுப்பில் பூனை தூங்கும். அந்த மாதங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் எத்தனை நாள் சோறு என்று கணக்குப் போட எல்லோருக்கும் தெரியும். மன அழுத்தப் பயிற்சி கொடுத்துவிட்டோம், இனிக் கூலி கேட்காதே என்று எந்த முதலாளியாவது எங்களை அழைத்தால் போக மாட்டோம். நான்காம் நாள் பேச்சு எப்போதும் “அடுத்து என்ன செய்வது” என்பதில் முடிய வேண்டும் என்று விதி வைத்திருப்பதே இதற்காக. ஒரே குறையை மூன்று பேர் தனித்தனியே சொன்னால், சொன்னவர்களின் சம்மதத்தோடு அது மனுவாகும். யார் சொன்னது என்பது மனுவில் இராது.

கோரிக்கைகளைச் சுருக்கமாகவே வைக்கிறோம். சாயல்குடி, கடலாடிப் பக்கத்து அரசு மருத்துவ நிலையங்களுக்கு மனநல மருத்துவர் வரும் நாள் நிலையாக இருக்க வேண்டும், அது எந்த நாள் என்று வாசலில் எழுதிப் போட வேண்டும். பள்ளிகளில் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் பிள்ளைகளுக்குத் தினம் 15 நிமிடம் எழுத இடம் விட வேண்டும், அதைத் திருத்தக் கூடாது. உப்பளங்களில் நிழல் கொட்டகை வேண்டும். பேச நிழல் வேண்டும் என்பதும் ஒரு காரணம், முதல் காரணம் வெயில்.

இயக்கத்துக்குச் சந்தா இல்லை, பதவி இல்லை, பேனர் இல்லை. மதமும் சாதியும் கேட்க மாட்டோம். பெண்களின் கூட்டம் தனியே, ஆண்களின் கூட்டம் தனியே நடக்கும். ஆண்களின் கூட்டம் வலை காயும் மணலில், வலையைப் பொத்திக்கொண்டே நடக்கும். கைக்கு வேலை இருந்தால் எங்கள் ஆண்களுக்கு வாய் கொஞ்சம் இளகும் என்பது அனுபவம்.

சேருகிறவர் ஒவ்வொருவரிடமும் உலக சுகாதார நிறுவனம் வகுத்த 20 கேள்விகளை முதல் நாளும் மூன்று மாதம் கழித்தும் கேட்போம். தலைவலி உண்டா, தூக்கம் வருகிறதா, வழக்கத்தைவிட அதிகம் அழுகிறீர்களா என்பது போன்ற, ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகள். இரண்டு எண்களையும் பெயரில்லாமல் கூட்டி, கூடியதா குறைந்ததா என்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ச் சாவடிப் பலகையில் எழுதிப் போடுவோம். இரண்டு ஆண்டும் எண் குறையவில்லை என்றால் கொட்டகையைக் காலி செய்து சாவியை ஊரிடம் கொடுத்துவிடுவோம்.